வெள்ளிக்கிழமை எரியாத விளக்கு

கல்லங்குறிச்சி ராசாத்திக்கு விற்ற ராத்திரி விளக்கை இரண்டு முறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் முறையும் அவள் கடையேறி வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. இருட்டினால் தானாக எரிந்து, விடிந்தால் தானாக அணைகிற சின்ன எல்.இ.டி. விளக்கு. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக எரிகிறதாம், வெள்ளிக்கிழமை மட்டும் எரிவதில்லையாம். விளக்குக்குக் கிழமை தெரியுமா என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அவள் கணவர் காசிநாதனுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கி, பொழுது சாய்ந்தால் கொல்லைப் படி தெரிவதில்லை. ஒருமுறை விழுந்து கை முறிந்தது. அதிலிருந்து அவர் கொல்லைக்குப் போக எழுந்தாலே ராசாத்தி கை கொடுக்க வேண்டும். மனிதர் கூனிக்குறுகிப்போய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். ராசாத்தி பூக்கட்டிப் பிழைக்கிறவள். சனிக்கிழமை பெருமாள் கோயிலில் கூட்டம் என்பதால் வெள்ளி மாலைதான் அவளுக்கு மடி நிறையத் துளசி.

வெள்ளிக்கிழமை விளக்கு அணைவது நல்லதில்லை என்று நாத்தனார் பெரியம்மாள் பயமுறுத்தி, வெள்ளிதோறும் மட்டும் ஏற்றுகிற குத்துவிளக்கில் ஒரு திரிக்குப் பதில் ஐந்து திரி ஏற்றச் சொன்னாராம். ஏற்றினாள். அதுவரை வெள்ளியன்று மினுக்கி மினுக்கியாவது எரிந்த ராத்திரி விளக்கு, அதோடு அடியோடு நின்றுபோயிற்று.

அவள் எதிரிலேயே மூடியைக் கழற்றினேன். உள்ளே பட்டாணி அளவில் ஒரு சென்சார். இதுதான் கண், இதில் வெளிச்சம் பட்டால் பகல் என்று எண்ணி விளக்கை அணைத்துவிடும் என்றேன். இருபது வருஷமாக எல்லோரிடமும் ஒப்பிக்கிற பாடம்.

"அண்ணே, அப்ப சாமி விளக்கையும் அது பகல்னு நெனச்சுக்குமா?"

சாமி விளக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குத்துவிளக்கு எரிவது ராத்திரி விளக்குக்கு நேர் எதிரிலாம். சாமி விளக்கை நகர்த்த அவளுக்கு மனசில்லை, கொல்லைப் பக்கம் வேறு பிளக் பாயின்ட்டும் இல்லை.

என் வித்தையைக் காட்டுகிறேன் என்று, சின்ன வெளிச்சத்துக்கெல்லாம் அணையாதபடி உள்ளேயிருந்த ரெசிஸ்டரை மாற்றிக் கொடுத்தேன். அந்த மங்கலான மூலையில் நடுப்பகலிலும் எரிந்து மானத்தை வாங்கியது. மறுநாள் வந்தவள், விளக்கின் கண்ணில் கோளாறில்லை, அது பார்க்கிற இடம்தான் தப்பு, வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள் என்றாள். பழைய ரெசிஸ்டரையே திரும்பப் போட்டேன். அவள் சொன்னபடி சென்சாரின் கம்பிக் கால்களை மேல்நோக்கி வளைத்து, நுனி வெட்டிய கறுப்புப் பேனா மூடியைக் குழாயாக மாட்டினேன். இனி அது வென்டிலேட்டரில் தெரிகிற வானத்தை மட்டும் பார்க்கும்.

அடுத்த வெள்ளி மனசு கேட்காமல் அவள் வீட்டுக்கே போனேன். ஐந்து திரியும் எரிந்தன. வெளியே இருட்டியதும் படியோரம் நம் விளக்கும் எரிந்தது. காசிநாதன் எழுந்தார். ராசாத்தி மடித் துளசியை அவசரமாக ஒதுக்கினாள்.

"நீ மாலையக் கட்டு, ராசாத்தி. எனக்குப் படி தெரியுது."

போனார். கால் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, முழுக்கக் குடித்தார். ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாரை எடுத்தாள்.