ஹாஸ்டல் பெயர் சேராத பாட்டு

ஒரகடத்தில் ஆண்கள் ஹாஸ்டலுக்குக் கீழே மாடத்தியக்கா சலவைக் கடை வைத்திருக்கிறார். மூன்று வாஷிங் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. ஆனால் தொழில் என்னவென்று கேட்டால் பாடகி என்றுதான் சொல்வார். அவர் பாடுவது சோல். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை அது. போனில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, திருநெல்வேலித் தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார்.

முதலில் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தார். பிறகு ஒரு ஆர்கெஸ்ட்ராவோடு ஆயுத பூஜைக்குக் கம்பெனி கம்பெனியாகப் போனார். அங்கே சினிமாப் பாட்டு மட்டும்தான். சொந்தப் பாட்டு ஒன்றைக்கூடப் பாட விடவில்லை. விலகி வந்து இட்லி மாவு விற்றார். ஒரு கோடையில் கரண்ட் கட்டாகி மாவெல்லாம் புளித்ததோடு அதுவும் முடிந்தது. அடுத்துத்தான் சலவை. கடை ஓடினால், யாருக்கும் தலையாட்டாமல் தன் பாட்டைத் தானே பதிவு செய்யலாம் என்பது அவர் கணக்கு.

போன மாதம் கட்டடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் உரிமையாளரான ஜீவானந்தம் வந்தார். தண்டலத்தில் புது ஹாஸ்டல் திறக்கிறார், விழாவில் அக்கா தன் பாட்டு ஒன்றைப் பாட வேண்டுமாம்.

"பாடுதேன் அண்ணாச்சி."

"நடுவுல ரெண்டு வரி நம்ம ஹாஸ்டலப் பத்திப் போட்டுக்கோ. தண்ணி வசதி, வைஃபை, அவ்ளோதான்."

"நான் பாடப்போறது எங்கம்மா செத்ததுக்குக் கட்டுன பாட்டு. அதுல வைஃபைய எங்க வைக்க?"

"அப்போ கடையக் காலி பண்ணு."

மறுநாள் அக்கா சேரப்பணஞ்சேரியில் ஒரு கடை பார்த்தார். சனிக்கிழமைக்குள் துணிகளை வாங்கிக்கொள்ளுமாறு கதவில் எழுதி ஒட்டினார்.

அதைப் படித்த ஹாஸ்டல் பையன்கள் மாடியேறி ஜீவானந்தத்திடம் போனார்கள். எல்லாருமே ஷிஃப்ட் வேலைக்காரர்கள். காலை ஆறு மணி பஸ்சுக்குத் துவைத்த யூனிஃபார்ம் வேண்டும்.

"சார், அக்கா போற ஊர்லயே நாங்களும் ரூம் பாத்துக்கிறோம்" என்றான் வனமாமலை.

"இன்னாடா, எல்லாருமா?"

"நாப்பத்திரெண்டு பேர் சார். பெட்டி கட்டியாச்சு."

மாலையில் ஜீவானந்தம் கீழே வந்து கதவிலிருந்த தாளைத் தானே கிழித்தார். கடையை மூன்று வருட வாடகைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார் அக்கா. ஜீவானந்தம் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்கா சுவரோரம் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

திறப்பு விழாவில் பாட்டு அப்படியே இருந்தது. ஜீவானந்தம் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா அழ வைப்ப?"

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு அண்ணாச்சி. உக்காருங்க."