கிளிகளுக்கு நடுவே ஒரு விரிசல்

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுக்க, சுவரில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் நான். பாதி நேரம் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக்கூட நான் வெட்கப்படுவதில்லை. அந்தக் கண்ணாடியை ஒட்டிய பசையை என் கையாலேயே காய்ச்சினேன் என்பதற்குத்தான்.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில், பழைய கட்டடங்களைப் பார்வையிடும் ஓர் இலாகாவில் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். ஸ்ரீவராகத்தில் ஒரு மாமி தனியாக வசித்த பழைய வீடு எங்களிடம் வந்தது. மாடிக் கூடத்துச் சுவரில், சுண்ணாம்புப் பூச்சின் மேல், யாரோ எந்தக் காலத்திலோ வரைந்த பச்சைக் கிளிகள் கொடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உத்தரத்தடியில் பிறந்த ஒரு விரிசல் அவற்றுக்கு நடுவே இறங்கி, கீழே வெற்றுப் பூச்சில் வந்து நின்றிருந்தது.

என் மேலதிகாரி நாகர்கோவில்காரர். அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு அடி அகலத்துக்குக் கொத்திப் பாத்திருவோம்வே. உள்ள கல்லு நகருதா இல்லியான்னு அப்பத்தான் தெரியும்."

ஒரு அடி என்றால் இரண்டு கிளிகள் போய்விடும். மாமி சுவருக்கும் அவருக்கும் இடையில் வந்து நின்றார்.

"கல்யாணமாகி இந்த ஆத்துக்கு வந்த நாள் முதலா என்னை எதிர்த்துப் பேசாதது இதுகள் மாத்திரமாக்கும். இதுகளையா கொத்தப் போறேள்?"

நான் அப்போது நிறையப் படித்திருந்தேன், வினை அதுதான். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஒட்டிவைப்போம், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், மழைக்காலம் முடியும்வரை பொறுப்போம் என்றேன்.

"சரிவே. ஒடஞ்சுதுன்னா மறுநா காலையில கொத்துதான்" என்றார் அவர்.

கண்ணாடியைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டுவதுதான் வழக்கம். எனக்கோ பழைய பூச்சின் மேல் புதுச் சுண்ணாம்பு ஒரு பொட்டுகூடப் படக்கூடாது என்ற ஆசாரம். சாலைக் கடைத்தெருவில் மைதா வாங்கி, சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசையைக் காய்ச்சினேன். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். போஸ்டர்காரர்கள் பூச்சி அண்டாமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். பச்சைக் கறை படியுமே என்று நான் அதையும் விட்டுவிட்டேன்.

"கிளியே பச்சைதானவே. இன்னும் கொஞ்சம் பச்சையானா அதுக்கு வலிக்கவா போகுது?" என்றார் மேலதிகாரி.

ஜூன் பிறந்ததும், அந்த ஊரில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மத்தியானங்களில் மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். மரச் சட்டங்களின் இடுக்கு வழியே வருகிற வெளிச்சம் தரைக்கு வருவதற்குள் பாசி நிறமாகிவிடும். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவேன். பூச்சு பிடிப்போடிருக்கும் இடம் கல்லாகப் பேசும். விட்டுப்போன இடம் பானையாகப் பேசும். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால், நேரே பார்க்கையில் தட்டையாக இருந்த பூச்சில் மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து வரும். கை சற்று அசைந்தால் கிளிகள் இறகை விரித்து மடக்கும். மழைச்சத்தம் கூடக் கூட, ஓட்டுக்கூரை, நான், கிளிகள் எல்லோரும் தண்ணீருக்கடியில் மெல்ல எங்கோ போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றும். விழித்துப் பார்த்தால் மாமி வைத்துவிட்டுப்போன காப்பி ஏடு படிந்து ஆறியிருக்கும்.

அப்படி ஒருநாள் விழித்தபோது சுவரில் கண்ணாடி இல்லை. தரையில் கிடந்தது, நாலைந்து துண்டுகளாக.

மாமி வந்து பார்த்தார். புடவைத் தலைப்பால் ஒரு கிளியின் மேலிருந்த ஒட்டடையை எடுத்தார், நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல.

செய்தி சொன்னதும் மேலதிகாரி அன்று சாயங்காலமே வந்தார். நான் சுவரை உற்றுப் பார்த்தேன். நகர்ந்த சுவர் கண்ணாடியை நடுவில்தானே முறிக்கும்? முனைகள் பசையோடு சுவரிலேயே நிற்க வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் பசை இருந்த சுவடே இல்லை. வழித்துத் துடைத்த இலை மாதிரி இருந்தது.

"சார், கொஞ்சம் பொறுங்க" என்று மிச்சமிருந்த மைதாவில் மறுபடி பசை காய்ச்சி அதே இடத்தில் அப்பினேன். ஜன்னல்களைச் சாத்தினோம். இருட்டில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சற்றுப் பொறுத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கிளிகள் சிறகசைத்தன. விரிசலுக்குள்ளிருந்து முதலில் இரண்டு மீசைகள் வந்தன. பின்னாலேயே கரப்பான்பூச்சி. அதன் பின்னால் அதன் குடும்பம்.

மேலதிகாரி வெகுநேரம் பார்த்தார். "நல்லா ருசியாத்தான் காய்ச்சியிருக்கேருவே" என்றார். பிறகு, "சரி, சாந்து வச்சு ஒட்டும். ஐப்பசியில வர்ற துலா மழையையும் பாத்துருவோம்."

ஆசாரத்தை மூட்டை கட்டிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டினேன். துலா மழை இடியும் மின்னலுமாகக் கொட்டி ஓய்ந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சுவர் திடம், கொத்த வேண்டாம் என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டார். கிளிகள் பிழைத்தன.

கண்ணாடியை எடுத்து, சாந்தையும் தடமில்லாமல் சுரண்டிவரக் கடைசியாகப் போனேன். சுவரில் என் கை பட்ட அடையாளமே தெரியாமல் வேலையை முடித்துவிட்டேன் என்று மாமியிடம் கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

"சுவருக்கு ஒண்ணுமில்லைதான், கேட்டேளா" என்றார் மாமி. "ஆனா நீங்க மைதாவும் கையுமா வர்ற வரைக்கும் இந்த ஆத்துல கரப்பானே கிடையாது."