வளைவு கைவிட்ட இடம்

சாலையில் முழங்காலிட்டு, டயர் இழுத்த கறுப்புத் தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அளவுக்காரம்மா டேப்பை வெளியே எடுப்பார். கண் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கட்சி. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினாலும் அசைய மாட்டார். “அவங்களுக்கு அவசரம். நான் அவசரப்பட்டவங்க கதையத்தான் படிச்சிக்கிட்டிருக்கேன்” என்பார்.

வயது ஐம்பத்து மூன்று. விபத்து நடந்த இடங்களை அளந்து வரைபடம் போட்டுத் தருவது சாலைத் துறையில் அவருக்கு வேலை. தோள்பையில் சாக்குக்கட்டி, நூல்கண்டு, நீள ஆணிகள், கட்டம் போட்ட பள்ளி நோட்டு. பேருந்து வளைவில் திரும்பும்போது பயணிகள் எல்லாரும் ஒரு பக்கம் சாய, அவர் கண் மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலைத் தாண்டி நேராக எதையோ தொடர்ந்து போகும். பக்கத்தில் இருப்பவர் சில சமயம் எழுந்து வேறு இருக்கை தேடிக்கொள்வதும் உண்டு.

கணவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர். மனைவியின் வேலையைப் பற்றி அவரிடம் கேட்டால் சிரிப்பார். “தொடுகோடுன்னா என்னன்னு எனக்கே சொல்லிக் குடுத்துட்டா. ஒரே இடத்துல தொடும், அப்புறம் தன் பாட்டுக்குப் போயிடும். எங்க கல்யாணம் மாதிரின்னு சொன்னேன். ரெண்டு நாள் பேசல.”

போலீஸ்காரர்களுக்கு அளவுக்காரம்மா சொல்லும் விளக்கம் வேறு. அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். “வளைவுல வர்றவன் ஒவ்வொரு நொடியும் நேராப் போகத்தான் பாக்கறான், தம்பி. ரோடு விடமாட்டேங்குது. ரோடு கைய விட்ட நொடியில எந்தப் பக்கம் திரும்பியிருந்தானோ, அந்தப் பக்கமே போயிடுவான். அந்தத் திசையக் கண்டுபிடிக்கத்தான் வகைக்கெழு.”

சென்ற மாதம் அப்படி ஒரு வளைவு. விடியற்காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நாணல் மண்டிய சரிவில் பாய்ந்திருந்தது. ஓட்டியவர் நினைவில்லாமல் மருத்துவமனையில். தனியாகத்தான் கிளம்பினார் என்று மனைவி சொல்லிவிட்டார். அளவுக்காரம்மா போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. காவலுக்கு இருந்த இளம் போலீஸ்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

தடம் தொடங்கிய இடத்திலிருந்து நேராக நூல் கட்டி, இரண்டிரண்டு மீட்டருக்குத் தடம் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். நூல்வழித் தூரத்தை x என்றும், விலகலை y என்றும் எழுதினார். x-ஐ வர்க்கப்படுத்தி எண்பதால் வகுத்தால் y வந்தது. அதன் வகைக்கெழு, x-இல் நாற்பதில் ஒரு பங்கு. தடம் முப்பதாவது மீட்டரில் முடிந்தது. அங்கே சாய்வு முக்கால். கோடு போட்டுப் பார்த்தால் அது சரியாக வண்டி கிடந்த இடத்துக்கே போனது.

“கணக்கு சரியாப் போச்சுல்ல, கிளம்பலாமாம்மா?” என்றார் போலீஸ்காரர்.

அளவுக்காரம்மா திரும்ப முழங்காலிட்டுத் தடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். இருபதாவது மீட்டரில் ஒரு பள்ளம், தார் பெயர்ந்திருந்தது. அதுவரை நான்கு விரல் அகலமாக வந்த தடம், பள்ளத்துக்குப் பிறகு மூன்று விரலுக்குச் சுருங்கியிருந்தது. கையை எடுக்காமலே கேட்டார். “தம்பி, வண்டியில எத்தனை பேரு?”

“ஒருத்தர்தாம்மா.”

“இங்கேருந்து ஒருத்தர் பாரந்தான். இது வரைக்கும் ரெண்டு பேரு.”

போலீஸ்காரருக்குக் கொட்டாவி பாதியில் நின்றது. அளவுக்காரம்மா நோட்டைப் பிரித்தார். இருபதில் விலகல் ஐந்து. சாய்வு அரை. y − 5 = ½(x − 20). சுருக்கினால் y = x/2 − 5. முதல் கோடு போன பக்கம் நாணல் மிதிபட்டு மடங்கிக் கிடந்தது. காலையில் வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்கியிருந்தார்கள். இந்தக் கோடு போன பக்கம் ஒரு தண்டுகூட மடங்கவில்லை. காற்று இல்லை. பறவைச் சத்தமும் இல்லை.

முன்னால் இரண்டு மீட்டர், பக்கவாட்டில் ஒரு மீட்டர் என்று ஆணி அடித்து நூலை இழுத்துக் கோட்டைப் பிடித்தார். பள்ளத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். பத்தில் சாலை முடிந்தது. இருபதில் நாணல் தலைக்கு மேல் போனது. முப்பத்தொன்றில் மேலிருந்து குரல் வந்தது: “அம்மா, பாம்பு கீம்பு இருக்கப்போகுது, வந்துடுங்க.” ஒரு கணம் நின்றார். திரும்பக்கூடச் செய்தார். என்ன தோன்றியதோ, மறுபடி முன்னால் கால் வைத்தார். முப்பத்திரண்டு. கால் காய்ந்த ஓடைக்குள் சறுக்கியது. அடியில் ஒரு மனிதர் கண் திறந்தபடி கிடந்தார். கண் அவரையே பார்த்தது.

விலா எலும்புகள் முறிந்து மூச்சுக்கே திண்டாடியவர் எப்படிக் கூப்பிடுவார்? வழியில் லிப்ட் கேட்டு ஏறிய பெயிண்டர். தனிக்கட்டை என்பதால் தேடவும் ஆளில்லை.

ஒன்பதாம் நாள் அளவுக்காரம்மா மருத்துவமனைக்கு அவரைப் பார்க்கப் போனார். கணவர் ஆரஞ்சுப் பையோடு வார்டு வாசலில் நின்றுவிட்டார். பெயிண்டர் கும்பிட்டார்.

“தெய்வம் மாதிரி வந்தீங்கம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். காலையிலேருந்து அத்தனை தடவை வந்தீங்களே, ஏன் ஒவ்வொரு தடவையும் கிட்ட வந்து திரும்பிப் போனீங்க?”

“நான் வந்ததே மூணு மணிக்குத்தான். ஒரே தடவைதான் இறங்கினேன்.”

“இல்லம்மா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டேன். எண்ணிக்கிட்டே வருவீங்க. முப்பத்தொண்ணு வரைக்கும் வந்துட்டு நின்னுடுவீங்க. அப்புறம் சத்தமிருக்காது. மறுபடியும் ஒண்ணுலேருந்து வருவீங்க. அடுத்த தடவை வந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னுதான் கண்ண மூடாமக் கிடந்தேன்.”

“வேற யாராவது...”

“இதே குரல்தாம்மா.”

வாசலில் கணவர், “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். எழுந்த அளவுக்காரம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எப்படி எண்ணினேன்? எண்ணிக் காட்டுங்க.”

பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு, விலா வலிக்க வலிக்க, மெல்லத் தொடங்கினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. எண்ணுவது தன் வாய்தானோ என்று அளவுக்காரம்மா கையை உயர்த்தி அதை இறுகப் பொத்திக்கொண்டார்.