இன்று லைவில் சேலை கட்டி நின்றது நான்தான்

நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் தினமும் மாலை சேலைகளை லைவ் வீடியோவில் காட்டுவோம். கேமராவுக்குப் பின்னால் நின்று, வரும் கமெண்ட்களைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. கூச்சக்காரிக்கு ஏற்ற இடம்.

இன்று சேலை கட்டி நிற்கும் பெண்ணுக்குக் காய்ச்சல்.

ஓனர் அக்கா என்னிடம், "நீயே கட்டிக்கினு நில்லும்மா. வேற ஆளில்ல" என்றார்.

மாம்பழ மஞ்சளில் அகல பார்டர். கட்டி நின்றேன். கமெண்ட்கள் வந்தன.

"கடையில வேற பொண்ணு இல்லியா?"

"இவங்களுக்கு ஒரு சேலை பத்துமா?"

"தங்கச்சி, அக்கறையில சொல்றேன், வாக்கிங் போம்மா."

அக்கா பதறிப்போய், "கட் பண்ணிடலாமா?" என்று கிசுகிசுத்தார்.

கட் செய்தால் இனி ஒருநாளும் நான் அங்கே நிற்க மாட்டேன் என்று தெரிந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

விலை கேட்பவர்களின் கமெண்டை எந்தக் குரலில் படிப்பேனோ, அதே குரலில் மூன்றையும் படித்தேன்.

"அண்ணா, நான் வாக்கிங் போறேனா இல்லியான்னு சொல்ல மாட்டேன். போனாலும் போவாட்டியும் பட்டு கட்டுவேன். இப்ப முந்தானையைப் பாருங்க."

உடனே ஒரு பெண் எழுதினார்: "நானும் உன் சைஸ்தான்மா. இவ்ளோ நாளா பார்க்கறேன், எனக்குக் கொசுவம் எப்படி வரும்னே தெரியல. திரும்பிக் காட்டு."

திரும்பித் திரும்பிக் காட்டினேன்.

முடிந்ததும் அக்கா, "அந்தப் பொண்ணு வந்துட்டா நீ பழையபடி கமெண்ட் படி" என்றார்.

"ரெண்டு பேரும் நிக்கறோம்க்கா."

"அப்ப யாரு படிக்கறது?"

"நீங்கதான்."

முறைத்தார். பிறகு சரி என்றார்.

ஆகவே அக்கறையுள்ளவர்களே, நாளையும் வந்து எழுதுங்கள். ஓனர் அக்காவுக்கு என்னைப் போலக் கூச்சமெல்லாம் கிடையாது.