முன் சீட்டுக்காரனின் பிளாஸ்க்

எங்கள் சமையலறைப் பரணில் ஒரு பச்சை நிற பிளாஸ்க் இருக்கிறது. மூடியையே டம்ளராக வைத்துக் குடிக்கலாம். அடியில் ஒரு நசுங்கல். விக்கிரவாண்டியில் கார் கதவைத் திறந்தபோது மடியிலிருந்து உருண்டு விழுந்தது. பரணைச் சுத்தம் செய்யும் போதெல்லாம் என் மனைவி அதை இறக்கி வைத்துக்கொண்டு, "இதப் போட்டுடவா?" என்று கேட்பாள். "இருக்கட்டும்" என்பேன். துடைத்து மறுபடி மேலே வைத்துவிடுவாள். ஐந்தாறு வருடங்களாக அதில் யாரும் ஒரு வாய் காபி ஊற்றியதில்லை.

அது அண்ணாச்சியின் காருக்காக வாங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் ஷிப்ட் இன்சார்ஜ். என்னைவிட நாலு வயது மூத்தவர். இருவருக்கும் தென்காசிப் பக்கம் ஊர். அவர் கிராமத்துக்கும் என் கிராமத்துக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர்தான். சென்னையிலும் இருவர் வீடும் திருமுல்லைவாயிலில், இரண்டு தெரு தள்ளி. அவர் கார் வாங்கிய வருடத்திலிருந்து பொங்கலோ தீபாவளியோ, ஊருக்கு அவரோடுதான் போவேன். பத்து வருடம் அப்படிப் போயிருக்கிறோம். என் மனைவியும் மகளும், அவர் வீட்டுக்காரர்களும் ரயிலில் முன்னாடியே போய்விடுவார்கள். காரில் நாங்கள் இருவர் மட்டும். அதில் ஒரு சட்டம் உண்டு. "முன் சீட்டுல உக்காந்தவன் தூங்கக் கூடாது தம்பி. நீ தூங்குனா எனக்கும் கண்ணு சொக்கும்" என்பார். அதனால் என் வேலை இரண்டு. வாய் ஓயாமல் பேச வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூடியில் அரை மூடி காபி ஊற்றி அவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் எங்கள் அப்பாவுக்கும் தெரியும். வாசலில் கார் சத்தம் கேட்டதும், எப்படி இருக்கே என்று கேட்க மாட்டார். "ஏல, தூங்காம வந்தியா?" என்பதுதான் முதல் கேள்வி.

பிறகு அந்த நோய் வந்தது. இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கும். பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவினோம், கொத்தமல்லிக் கட்டை வெந்நீரில் போட்டு வேகவே வைத்துவிட்டோம். யாராவது தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. மாவட்டம் தாண்டிப் போக வேண்டுமென்றால் பாஸ் வாங்க வேண்டும். அதுவும் கல்யாணம், சாவு, வைத்தியம் என்றால்தான். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போங்கள், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தங்கைக்கும் தெரியும்.

போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வீட்டில் பேசினோம். "நீங்க போய், உங்க மூலமா அவருக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்குத் தங்கைதான் வழி சொன்னாள். அப்பாவின் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போடுவது. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பது. உள்ளே காலே வைப்பதில்லை. கட்டிலை அன்றைக்கே இழுத்துப் போட்டுவிட்டாள். அந்த ஜன்னல் வழியாக ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணாச்சிக்கும் ஊருக்குப் போக ஆசை. அவர் அம்மா அங்கே தனியாக இருந்தார். ஆனால் இரண்டு முறை அவர் போட்ட விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்கள். அப்பா விஷயத்தைச் சொன்னதும், "ஆஸ்பத்திரில குடுத்த டாக்டர் லெட்டர எனக்கு அனுப்பு தம்பி. என் வண்டி, என் போன், நானே போட்டுருதேன். நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்" என்றார். தங்கையிடம் கடிதத்தை வாங்கி அனுப்பினேன். அப்பா பெயர், எங்கள் வீட்டு விலாசம், என் ஆதார் எண், எல்லாமே அனுப்பினேன். மூன்றாம் நாள் மதியம் போன் செய்தார். "பாஸ் வந்துட்டு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்புதோம். பிளாஸ்க்க மறந்துராத." பாஸை எனக்கும் அனுப்புங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து வருடம் அந்தக் கதவைத் திறந்து உட்கார்ந்தவனுக்கு எப்படித் தோன்றும்? கஷாயம் குடித்துக் குடித்துத் தொண்டை கரகரக்கிறது என்று அதே போனில் நான் சொல்ல, அவரும் சிரித்தார்.

மறுநாள் ஐந்தேமுக்காலுக்கே பையும் பிளாஸ்க்குமாக அவர் பிளாட் வாசலில் போய் நின்றேன். கார் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. டீசல் போடப் போயிருப்பார் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆறரைக்கு வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார், இங்க குந்திகினு கீறே?"

"அண்ணாச்சிக்காகத்தான்."

"அவுரு நாலரைக்கே பூட்டாரே சார். வூட்டுக்கார அம்மாவும் பாப்பாவும் பின்னால குந்திகினாங்க, முன் சீட்ல அரிசி மூட்டய வச்சிகினாரு. உன்னாண்ட சொல்லலியா?"

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாலாவது தடவை அணைத்தே வைத்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பிளாஸ்க்கைத் திறந்து, ஒரு மூடி காபியை வாட்ச்மேனிடம் நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். "தப்பா நெனச்சிக்காத சார். இப்ப யார் கைலயும் வாங்கிக் குடிக்கிறதில்ல." அதையும் பிளாஸ்க்கிலேயே திருப்பி ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள். பஞ்சாயத்துக்காரர்களும் சுகாதாரத் துறை நர்ஸும் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து உங்கள் வீட்டுக்கு மூன்று பேர் கார் பாஸில் வந்திருக்கிறார்களே, அவர்கள் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியலைத் தங்கைக்குக் காட்டியும் இருக்கிறார்கள். நோயாளி எங்கள் அப்பா. போய்ச் சேரும் விலாசம் எங்கள் வீடு. பெயர்கள் மட்டும் அண்ணாச்சி, அவர் மனைவி, அவர் மகள். சாகக் கிடந்த என் அப்பாவைக் காட்டி அவர் தன் குடும்பத்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்! வழியில் எத்தனை போலீஸ்காரர்களிடம் அந்தக் கடிதத்தை நீட்டி முகத்தைத் தொங்கப் போட்டிருப்பாரோ. தங்கை எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வந்தவர்கள் எங்கள் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பேச்செல்லாம் ஜன்னலோரத்தில் படுத்திருந்த அப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. சென்னை, கார், வந்தாச்சு என்ற மூன்றும் போதுமாக இருந்திருக்கிறது. கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். "தூங்காம வந்தானா?" என்று தங்கையிடம் கேட்டாராம். அவள் என்ன செய்வாள்? "வந்துக்கிட்டு இருக்கான்பா" என்று சொல்லிவிட்டாள். அன்று முழுவதும் தலையை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார் என்றாள். அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

நோட்டீஸ் ஒட்டிய வீட்டில் உடலை வைத்திருக்க ஊர் சம்மதிக்கவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தூக்குவதற்கு ஆள் சேரவில்லை; என் மைத்துனனும் இன்னும் மூன்று பேரும்தான். சாவுக்கான பாஸ் எனக்கு வந்தபோது மணி மூன்று. அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது போன் திரையில். அதுவும் பாதியில் உறைந்து நின்றுவிட்டது.

அண்ணாச்சி நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். கேன்டீனில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் பெருக்கல் குறி போட்டிருந்த காலம். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி வந்து உட்கார்ந்தார். "மனசுல வச்சுக்காத தம்பி. உனக்குத் தொண்டை சரியில்லேன்னு சொன்னேல்லா, பிள்ள வேற வண்டில வருது, பயந்துட்டேன்" என்றார். தொண்டை கரகரக்கிறது என்று நான் சொன்னதே பாஸ் வந்த பிறகு. பெயர்களை அவர் எழுதிக் கொடுத்தது அதற்கு மூன்று நாள் முன்பு. அதைச் சொல்லவில்லை. "அப்பா கேட்டாரு அண்ணாச்சி, தூங்காம வந்தானான்னு" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். அந்த வருடக் கடைசியில் வேறு கம்பெனிக்கு மாறி, காட்டுப்பாக்கம் பக்கம் வீடும் மாற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அவர் பயந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அப்போது யார்தான் பயப்படவில்லை? எனக்கு இடம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு கார் தேடியிருப்பேன். ஆறு மணி என்று சொல்லி, பிளாஸ்க்கையும் நினைவுபடுத்தி, என்னை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போனதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஊருக்கு ரயிலில்தான் போகிறோம். ஏறியதும் நன்றாகத் தூங்கிவிடுகிறேன். கேட்க ஆள் இல்லை. போன வாரம் மனைவி மறுபடி பிளாஸ்க்கை இறக்கி வைத்தாள். மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, பழைய காபி வாசனைகூட இல்லை. ஆனால் அவர் என்னை விட்டுவிட்டுப் போன அன்று மாலை நாலு மணிக்கு அதைத் திறந்தபோது காபி சூடாகத்தான் இருந்தது. தங்கையின் போன் வருவதற்கு முந்தைய நாள் அது, எனக்கு எதுவும் தெரியாது. அவர் வீட்டில் திடீரென்று என்ன துக்கமோ, அதனால்தான் சொல்லாமல் கிளம்பிவிட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் பேசிக்கொண்டு வர ஆள் இல்லையே, கோவில்பட்டி தாண்டினால் அவருக்குக் கண் சொக்குமே, காபி ஊற்றிக் கொடுக்கக்கூட யாரும் இல்லையே என்று பதறினேன். அவர் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமென்று சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, அந்தக் காபியை நானே குடித்தேன்.