தறி ஓடாத நாளில் ஊர் சுற்றிக் காட்டியது

காஞ்சிபுரத்தைச் சுற்றிக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். எண்ணம் என்ன, உண்மையே அதுதான். கைலாசநாதர் கோயில் சிங்கங்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், வேறு கைடோடு வந்த கூட்டமும் மெல்ல என் பக்கம் நகர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் பேசுகிறேன். எப்போது கிளம்புவது, எந்த வழியில் போவது என்பதை மட்டும் அவர்தான் முடிவு செய்வார். வண்டி தன்னுடையது என்பது அவர் கட்சி.

சென்னையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்காரர்கள் முதல்முறையாக எங்களுக்கு ஒரு நாள் டூர் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு வயதான தம்பதி. அவர்கள் மனம் நிறைந்து போனால் அந்த சீசனில் வருகிறவர்களை எல்லாம் எனக்கே அனுப்புவதாகப் பேச்சு. இல்லையென்றால் வேலை பழைய கைடிடமே திரும்பிப் போய்விடும். எனக்கு அந்த வேலை வேண்டும். ஆசைப்பட்டேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் போனில் விவரம் சொன்னார்கள். காலையில் கோயில்கள், மதியம் நெசவாளர் வீட்டில் தறி ஓடுவதைப் பார்ப்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் அமாவாசை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தறிக்குப் பூ வைத்து விளக்கேற்றி, முன்னோருக்குப் படைத்துவிட்டு, அன்றைக்கு ஓய்வு. தெரு முழுக்க சத்தமே இருக்காது.

"தேதிய மாத்த முடியாதுக்கா, அதுக்கு அடுத்த நாள் அவங்க மகாபலிபுரம் போறாங்க," என்றார் டிராவல்ஸ் இளைஞர். "ஒரு பத்து நிமிஷம் யாரையாவது உக்கார வைங்க. இல்லன்னா சில்க் கடைல டெமோ தறி இருக்கும்ல, அதைக் காட்டி வீவர் வீடுன்னு சொல்லிடுங்க."

வீட்டில் தறி நெய்கிறவர் என் கொழுந்தனார். அமாவாசையில் உட்காருங்கள் என்று அவரிடம் கேட்க என்னால் ஆகாது. கடைத் தறியைக் கடைத் தறி என்று சொல்லியே இதுவரை காட்டியிருக்கிறேன். அதை வீடு என்று சொல்லும் பொய் என் வாயில் வராது.

"மொத டூரே போயிடும்போல இருக்குது. அந்தப் பையன் சொன்னத செஞ்சிட்டு போவலாம்மா. வர்றவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியும் இல்ல," என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை எல்லாம் ஜோராகப் போனது. ஏகாம்பரநாதர் கோயிலில் அமாவாசைக் கூட்டம் அலைமோதியது. அந்த அம்மாள் மாமரத்தடியில் நின்று நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். மத்தியானம் கோயில்களில் நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம்தான் திறப்பார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மாள், "இப்போது தறிதானே?" என்று கேட்டார். தன் வீட்டில் சின்னத் தறி வைத்துத் தரைவிரிப்பு நெய்கிறவராம். இந்த டூரில் சேர்ந்ததே அதற்காகத்தானாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. இன்று தறி ஓடாது, காரணம் இது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முகம் வாடிவிட்டது. ஆட்டோவில் ஏறி, வெளியே பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். வேலை கைநழுவியது என்றே நினைத்தேன்.

ஆனாலும் மத்தியானம் முழுக்க அவர்களை ஓட்டலில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. "தென்னேரிக்கு வுடுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம். அது நான் பிறந்த ஊர். மழை முடிந்த சமயம், ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வாலாஜாபாத் சுற்றுவட்டாரமே அங்கேதான் இருந்தது. பஜ்ஜிக் கடை போட்டிருந்தார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழியும் தண்ணீரில் நின்றார்கள். அந்த அம்மாளும் செருப்பைக் கழற்றினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கரையில் நின்ற கணவர் ஏரியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "படகே இல்லையே?" என்றார். இது வயலுக்கான தண்ணீர், மதகு திறந்தால் ஊரே வந்து நிற்கும் என்றேன். அவர்கள் ஊரும் ஏரிக்கரை ஊராம். கடல் போலப் பரந்த அந்த ஏரியில் பெரிய சரக்குக் கப்பல்களே போகுமாம். கப்பல் வருவதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்களாம். அங்கே பழைய கப்பல் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை.

"கப்பல் வராத நாளில் அந்தப் பழைய கப்பலின் சங்கை ஊதச் சொல்வார்கள். ஊதுவேன். கப்பல் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்," என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் இன்று ஊதவில்லை," என்றார்.

தண்ணீரில் நின்றிருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஓடுமா?"

"விடியும்போதே ஓடும்."

அந்த நேரம் பார்த்து டிராவல்ஸ் இளைஞரின் போன். தறி பார்த்தாயிற்றா என்றார். நான் போனை அந்தப் பெரியவரிடமே கொடுத்தேன். மகாபலிபுரம் வேண்டாம், நாளையும் இதே ஊர், இதே கைடு அம்மாதான் என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, அங்க என்ன பண்ணீங்க?" என்றார் இளைஞர்.

"ஏரியக் காட்டினேன்பா."

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி, அடுத்த வாரம் ரெண்டு பேமிலி வருது. உங்களுக்கே அனுப்பறேன். ஏரியையும் சேத்துக்குங்க."

அங்கேயே நாலு பேரும் பஜ்ஜி தின்றோம்.

ராத்திரி அவர்களை ஓட்டலில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் வண்டியை நிறுத்தியும் வீட்டுக்காரர் இறங்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"காலைல எத்தினி மணிக்கு வண்டி எடுக்கணும்?"

கல்யாணமானதிலிருந்து அவர் அதை என்னிடம் கேட்டதே இல்லை.