மேசையில் ரொட்டித் துகள்

எங்கள் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குள் பேனா வரக்கூடாது, சாப்பாடு வரக்கூடாது, பென்சில் வரலாம். இந்தக் கடைசி விதியை வைத்துக்கொண்டுதான் தோர்கில் ஹெடகோர் என் உயிரை வாங்கினார்.

தோர்கில் டென்மார்க்கின் ஜட்லாண்டில் எங்கள் ஊர் வெண்ணெய் ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பகலில் ஆலையின் இயந்திரங்கள், சாயங்காலம் கராஜில் சொந்த இயந்திரங்கள். பால் கறக்கும்போது மாட்டின் வால் முகத்தில் அடிக்காமலிருக்க ஒரு கவ்வி, மழையில் நனையாத சைக்கிள் இருக்கை, இருட்டினால் தானாக மூடிக்கொள்ளும் கோழிக்கூட்டுக் கதவு. கதவு ஒழுங்காக மூடிக்கொள்ளும். கோழிகள்தான் வெளியே நிற்கும். ஒன்றுக்கும் காப்புரிமை கிடைக்கவில்லை. மனுஷன் அசரவும் இல்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதால் சொன்னதில்லை.

மனைவி ரக்னில்ட் இறந்த பிறகு, தன் கண்டுபிடிப்புகளின் வரைபடங்களை எல்லாம் வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் அடைத்து எங்களிடம் கொடுத்துவிட்டார். கம்பெனியில் இருந்துகொண்டு கண்டுபிடிப்பவர்களின் காகிதங்களைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தனியாளாகக் கராஜில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களின் காகிதம் வீடு காலி செய்யும் அன்று குப்பைக்குப் போகும். அதனால் ஆசையாக வாங்கி வைத்தோம். அப்புறம் பார்த்தால், செவ்வாய்க்கிழமைதோறும் வந்து தன் பெட்டியைத் தானே கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்.

அவர் போனபின் மேசையில் ரொட்டித் துகள் கிடக்கும்.

"தோர்கில், இங்க சாப்பிடக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"நான் எங்கம்மா சாப்பிட்டேன்? வாயைத் தொறந்து காட்டவா, ஜெயிலரம்மா?"

அவர் சொன்னது உண்மைதான். ஒருநாள் பின்னால் போய் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. கோட்டுப் பையிலிருந்து பன்னைப் பிய்த்து, விரலில் உருட்டி, பழைய வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்துக்கொண்டிருந்தார். ரப்பர் கொண்டுவந்தால் வாசலிலேயே பிடித்துவிடுவோம் என்று, அந்தக் காலத்துப் படவரைவாளர்களின் வித்தையைக் காட்டியிருக்கிறார். அழித்த இடத்தில் நாங்கள் கொடுத்த பென்சிலாலேயே புதுக் கோடு!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டியை இழுத்துப் பார்த்தேன். கோழிக்கூட்டுக் கதவு இப்போது கோழிகளுக்காகக் காத்திருந்தது. வால் கவ்வி, சைக்கிள் இருக்கை, எல்லாவற்றிலும் கைவைத்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க! மேல தெரிஞ்சா உங்களை இனிமே உள்ளயே விட மாட்டாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமையை விட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை என்பது எனக்கும் தெரியும்.

"நான் போனப்புறம் யாராச்சும் எடுத்துப் பாப்பாங்கல்ல? இந்த ஆளு இவ்வளவு முட்டாளான்னு சிரிக்க மாட்டாங்க?"

நான் காகிதங்களைப் புரட்டினேன். ஒன்று மட்டும் கை படாமல் அப்படியே இருந்தது. உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவி. மூட்டுவலியில் ரக்னில்டின் விரல்கள் மடங்காமல் போன சமயத்தில் வரைந்தது. கத்தி தப்பான பக்கம் திரும்பி இருப்பது எனக்கே தெரிந்தது. ஓரத்தில் ரக்னில்டின் கையெழுத்து: 'சீவவில்லை. ஆனால் அழகாக இருக்கிறது. காபி ஆறுகிறது, வா.'

"இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"திருத்தினா சீவிடுமே" என்றார் தோர்கில். "அப்புறம் அவ எழுதினது பொய்யாயிடாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கோழிக்கூட்டுக் காகிதத்தை அவர் முன்னால் தள்ளினேன்.

"இதை வரைஞ்ச ஆளு மட்டும் என்ன பாவம் பண்ணான்? ரக்னில்ட் காபிக்குக் கூப்பிட்டது இவனைத்தானே? இவனைப் போய் அழிக்கிறீங்களே."

அவர் அந்தக் காகிதத்தை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பிறகு பையிலிருந்த மீதிப் பன்னை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தாம்மா, பறிமுதல் பண்ணிக்கோ."

அழித்த இடங்களை எல்லாம் ஒரு சீட்டில் குறித்து, 'திருத்தியவர் கண்டுபிடித்தவரே' என்று எழுதிப் பெட்டியில் வைத்தேன். இனி இப்படி நடக்காது என்று மேலதிகாரியிடம் நானே பொறுப்பேற்றுக்கொண்டேன். அவரும் முணுமுணுத்தபடி தோர்கிலைத் தொடர்ந்து உள்ளே விடச் சம்மதித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தவர் ரக்னில்ட் எழுதிய அந்த ஒரு காகிதத்தை மட்டும் கேட்டார். பழக்கதோஷத்தில் பென்சிலையும் நீட்டினேன்.

"அது எதுக்கும்மா?" என்றார். "படிக்கத்தானே வந்தேன்."